டவர் ஸ்பீக்கரை மாற்றலாமா என்று யோசிக்கிறீர்களா? முதலில் குறையைப் பிடியுங்கள்

"எந்த டவர் ஸ்பீக்கர் வாங்கலாம், இதுவா அதுவா?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இப்போது இருப்பதில் என்ன குறை? பேஸ் (தாழ்ந்த ஒலி) போதவில்லை, குரல் தெளிவாக இல்லை, சத்தம் ஏற்றினால் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) அணைந்துவிடுகிறது என்று ஏதாவது ஒரு பதில் வரும். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் ஒயர் தலைகீழாக மாட்டியிருக்கும், அல்லது ரிசீவரில் (ஹோம் தியேட்டர் ஆம்பில்) ஏதோ ஒரு செட்டிங் தவறாக இருக்கும், அல்லது ஸ்பீக்கர் மூலையில் முட்டிக்கொண்டு நிற்கும். அந்த அறையில் எவ்வளவு நல்ல புது ஜோடியைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் அதே குறை தொடரும்.

அதனால் குறை வாரியாகவே எழுதுகிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத சோதனை முதலில் வரும், ஸ்பீக்கரை மாற்றுவது கடைசியில். மாற்றித்தான் ஆகவேண்டும் என்ற நிலை வந்தால், அடுத்த ஜோடியில் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்பதையும் அந்தந்த இடத்திலேயே சொல்லியிருக்கிறேன்.

கையில் வேண்டியவை: ஒரு மல்டிமீட்டர், சாதாரண 1.5 வோல்ட் பேட்டரி ஒன்று, அளவு நாடா, டார்ச், டோன் ஜெனரேட்டர் ஆப் (கேட்கும் அலைவரிசையில் ஒற்றை ஒலியைத் தருவது) ஏற்றிய போன். ஒயரைத் தொடும் ஒவ்வொரு முறையும் ஆம்பை அணைத்துவிட்டுத் தொடுங்கள். இதில் சோம்பல்பட்டு ஆம்பின் அவுட்புட்டைப் புகைய விட்டவர்கள் நிறையப் பேர்.

## எல்லாவற்றுக்கும் முன்: இடது வலது மாற்றிப் பார்ப்பது

குறை ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால், ஆம்பின் பின்னால் இடது ஸ்பீக்கர் ஒயரையும் வலது ஸ்பீக்கர் ஒயரையும் இடம் மாற்றி மாட்டுங்கள். ஸ்பீக்கரை நகர்த்த வேண்டாம்.

- குறை அதே ஸ்பீக்கரில் தொடர்ந்தால்: கோளாறு அந்த ஸ்பீக்கரில், அதன் ஒயரில், அல்லது அது நிற்கும் இடத்தில்.
- குறை அடுத்த ஸ்பீக்கருக்குத் தாவினால்: ஸ்பீக்கரை விட்டுவிடுங்கள். ஆம்ப், அல்லது அதற்கு முன்னால் இருக்கும் பிளேயர், அதன் கேபிள்.

தாவினால், ஸ்பீக்கர் ஒயர்களைப் பழையபடி மாட்டிவிட்டு, பிளேயரிலிருந்து ஆம்புக்கு வரும் கேபிளில் இதேபோல் இடது வலது மாற்றுங்கள். இப்போது குறை மறுபடி பக்கம் மாறினால் கோளாறு பிளேயரிலோ அந்தக் கேபிளிலோ. மாறாமல் நின்றால் ஆம்பில். அவ்வளவுதான். கீழே உள்ள பாதிச் சிக்கல்களுக்கு இந்த ஒரு சோதனையே வழி காட்டிவிடும்.

## குறை: பேஸ் வரவே இல்லை, சத்தம் மெலிந்து கேட்கிறது

ஆளுயர ஸ்பீக்கர் வாங்கியும் ரேடியோ மாதிரிக் கேட்கிறது என்ற புகாரில் முதல் சந்தேகம் எப்போதுமே போலாரிட்டி, அதாவது பிளஸ் மைனஸ் இணைப்பு, மேல்தான்.

ஒயர் தலைகீழா? ஆம்பின் சிவப்பு டெர்மினல் ஸ்பீக்கரின் சிவப்புக்கும், கறுப்பு கறுப்புக்கும் போக வேண்டும். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் இது மாறினால், ஒன்றின் வூஃபர் (பேஸ் தரும் பெரிய கூம்பு) வெளியே தள்ளும்போது மற்றொன்று உள்ளே இழுக்கும். பேஸ் ஒன்றையொன்று தின்றுவிடும். நடுவில் நிற்க வேண்டிய குரலும் அறை முழுக்கச் சிதறிக் கேட்கும். ஒயரின் மேல் இருக்கும் கோட்டையோ எழுத்தையோ பிடித்துக்கொண்டு இரு முனையையும் சரிபாருங்கள். சுவருக்குள் போகும் ஒயர் என்றால் கண்ணை நம்ப வேண்டாம். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் சிவப்பு கறுப்பை மாற்றி மாட்டிக் கேளுங்கள். பேஸ் எந்த நிலையில் கூடுகிறதோ அதுதான் சரி.

உள்ளே தலைகீழா? பழைய ஸ்பீக்கர், அல்லது ஒருமுறை ரிப்பேருக்குப் போய் வந்தது என்றால் இதையும் பாருங்கள். ஆம்பிலிருந்து ஒயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் பிளஸ் முனையை ஸ்பீக்கரின் சிவப்பிலும் மைனஸைக் கறுப்பிலும் ஒரு நொடி தொட்டு எடுங்கள். வூஃபர்கள் எல்லாம் வெளியே தள்ள வேண்டும், இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே மாதிரி. மிட்ரேஞ்ச் (நடு ஒலிகளுக்கான கூம்பு) எதிர்த் திசையில் அசைந்தால் பதற வேண்டாம். சில டிசைன்களில் அதை வேண்டுமென்றே மாற்றித்தான் இணைத்திருப்பார்கள். இரண்டு ஸ்பீக்கரும் ஒத்துப்போகின்றனவா என்பதே கேள்வி.

ரிசீவர் செட்டிங். ஹோம் தியேட்டர் ரிசீவரில் முன் ஸ்பீக்கர்கள் 'ஸ்மால்' என்று இருந்தால் ஏறக்குறைய 80 ஹெர்ட்ஸுக்குக் (அலைவரிசையின் அளவு; எண் குறையக் குறைய ஒலி தாழும்) கீழே உள்ளதெல்லாம் சப்வூஃபருக்கு, அதாவது பேஸுக்கென்றே உள்ள தனிப் பெட்டிக்கு, போய்விடும். வீட்டில் சப்வூஃபரே இல்லை, ஆனால் மெனுவில் 'இருக்கிறது' என்று பதிவாகியிருக்கிறது என்றால் அந்த பேஸ் காற்றோடு போச்சு. சப்வூஃபர் 'இல்லை', முன் ஸ்பீக்கர் 'லார்ஜ்' என்று மாற்றிக் கேளுங்கள். தானாக அளவெடுக்கும் வசதியை ஓட்டிய பிறகும் இந்த இரண்டையும் ஒருமுறை திறந்து பாருங்கள், அது தன்னிஷ்டத்துக்கு மாற்றி வைத்திருக்கும்.

உட்காரும் இடம். பேஸ் நிறைந்த ஒரு பாட்டை ஓடவிட்டு அறைக்குள் மெதுவாக நடங்கள். பின்சுவரோரம் போனால் பேஸ் கொட்டுகிறது, நாற்காலியில் உட்கார்ந்தால் காணாமல் போகிறது என்றால் ஸ்பீக்கர் மேல் குற்றமே இல்லை. அறையின் நீளத்துக்குச் சரியாக நடுவில் உட்கார்ந்தால் இதுதான் நடக்கும். நாற்காலியை அரை மீட்டர் முன்னே அல்லது பின்னே தள்ளிப் பாருங்கள். முன்சுவரிலிருந்து அறை நீளத்தில் 38 விழுக்காடு தூரத்தில் உட்காருவது ஒரு நல்ல தொடக்கம். அங்கிருந்து காது சொல்கிறபடி நகர்த்திக்கொள்ளலாம்.

சுவருக்கும் வூஃபருக்கும் உள்ள தூரம். பின்னால் உள்ள சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி, நேராக வரும் ஒலியின் ஒரு பகுதியை அழித்துவிடும். எந்த இடத்தில் அழிக்கும் என்று தெரிய 343-ஐ (ஒலி ஒரு நொடியில் செல்லும் மீட்டர்) அந்தத் தூரத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் போதும். தூரம் 1 மீட்டர் என்றால் 86 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம். 60 சென்டிமீட்டர் என்றால் 143 பக்கம். இரண்டுமே பாட்டின் உடம்பு இருக்கும் இடம். போனை ஆம்பில் இணைத்து, குறைந்த சத்தத்தில் 40 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை டோனை மெதுவாக ஏற்றிக்கொண்டே போங்கள். குறிப்பிட்ட ஓர் இடத்தில் மட்டும் சத்தம் விழுந்து மறுபடி எழுந்தால் இதுவாகத்தான் இருக்கும். ஸ்பீக்கரை முன்னே பின்னே நகர்த்தினால் பள்ளம் இடம் மாறும்.

இந்தப் பள்ளத்தை ஈக்வலைசரில் (ஒவ்வொரு அலைவரிசையையும் தனியாகக் கூட்டிக் குறைக்கும் வசதி) ஏற்றிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். ஏற்றுவதில் பெரும்பகுதி அங்கேயே அழியும். அதோடு 6 டெசிபல் (சத்தத்தின் அளவு) ஏற்றினால் ஆம்பிடம் நான்கு மடங்கு பவர் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் பேஸ் இல்லையா? அப்போது ஸ்பீக்கருக்கே அவ்வளவுதான் எட்டும். புதிதாகத் தேர்ந்தெடுக்கும்போது '35 ஹெர்ட்ஸ்' என்ற எண்ணை மட்டும் பார்க்காமல், அது எத்தனை டெசிபல் குறைந்த நிலையில் சொல்லப்படுகிறது என்று பாருங்கள். ஒருவர் 3 டெசிபல் இறங்கிய இடத்தை எழுதுவார், இன்னொருவர் 10 டெசிபல் இறங்கிய இடத்தை எழுதுவார். இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் பொருளே இல்லை. வூஃபரின் எண்ணிக்கையையும் பரப்பளவையும் பெட்டியின் கொள்ளளவையும் ஒப்பிடுவது எவ்வளவோ மேல். ஒல்லியான பெட்டியில் கையகல வூஃபர் இரண்டு வைத்துவிட்டு ஆழமான பேஸும் உரத்த சத்தமும் சேர்த்துத் தருகிறோம் என்றால் நான் நம்பமாட்டேன்.

## குறை: பேஸ் கும்மென்று அடைக்கிறது, ஒரே சுரத்தில் முழங்குகிறது

முந்தைய குறைக்கு நேர் எதிர். டவர் வாங்கியவர்கள் வீட்டில் இதுதான் அதிகம் என்பது என் அனுபவம். சின்ன அறைக்குப் பெரிய ஸ்பீக்கர் வாங்கியதன் விளைவு பாதி, வைத்த இடம் மீதி.

மூலையிலிருந்து வெளியே எடுங்கள். தரை, பின்சுவர், பக்கச்சுவர் என்று ஒவ்வொரு பரப்பும் அடி பேஸைக் கூட்டும். மூலையில் நிற்கும் ஸ்பீக்கருக்கு மூன்றும் சேர்ந்து கிடைக்கிறது. பின்சுவரிலிருந்தும் பக்கச்சுவரிலிருந்தும் ஒரே தூரம் இருக்கும்படி வைக்காதீர்கள். ஒன்று 50 சென்டிமீட்டர் என்றால் மற்றொன்று 80 என்று வேறுபடட்டும்.

போர்ட்டை (பெட்டியில் உள்ள காற்றுத் துளையை) அடைத்துப் பாருங்கள். பெட்டியோடு நுரை அடைப்பான் கொடுத்திருந்தால் போர்ட்டில் செருகுங்கள். இல்லையென்றால் சுருட்டிய காலுறை சோதனைக்குப் போதும். உள்ளே விழுந்துவிடாதபடி ஒரு முனை வெளியே தெரியட்டும். கும்மல் குறைந்து பாட்டு தெளிந்தால், செலவே இல்லாமல் பாதி வேலை முடிந்தது.

அறையின் முழக்கம் எங்கே? அறையின் நீளத்தை மீட்டரில் அளந்து, இரண்டால் பெருக்கி, 343-ஐ அதனால் வகுங்கள். 4 மீட்டர் அறைக்கு ஏறக்குறைய 43 ஹெர்ட்ஸ், 5 மீட்டருக்கு 34. அகலத்துக்கும் உயரத்துக்கும் அதேபோல். பிறகு அந்த எண்ணுக்கு டோனை வைத்துக் கேளுங்கள்; அறையே அதிர்ந்தால் ஆள் பிடிபட்டார். நீளமும் அகலமும் ஒன்றாக இருக்கும் சதுர அறையில் இரண்டு முழக்கமும் ஒரே இடத்தில் சேர்ந்துகொள்ளும், அங்கே சமாளிப்பது கஷ்டம்.

நாற்காலி பின்சுவரை ஒட்டியிருக்கிறதா? அங்கே பேஸ் எப்போதும் அதிகம். முடிந்த அளவு முன்னே இழுங்கள்.

ஈக்வலைசர். பள்ளத்தை ஏற்றக் கூடாது என்றேன் அல்லவா, மேட்டை இறக்கலாம். தாராளமாக இறக்கலாம். அந்த ஓர் அலைவரிசையை மட்டும் குறுகலாகப் பிடித்து 4, 5 டெசிபல் குறைத்தாலே வேறு ஸ்பீக்கர் மாதிரித் தெரியும்.

தரை. மரப்பலகைத் தளம் அதிர்ந்தால் கூர்முனைக் கால்களுக்குப் பதில் ரப்பர் கால்கள் வைத்துப் பாருங்கள். கெட்டியான தளத்தில் இதனால் பெரிய வித்தியாசம் வராது. கூர்முனைக் கால்களைப் பற்றி எழுதப்பட்ட புராணங்களில் முக்கால்வாசியை விட்டுத்தள்ளலாம். ஸ்பீக்கர் ஆடாமல், கவிழாமல் நிற்கிறதா என்பதுதான் காலின் முதல் வேலை. குழந்தைகள் ஓடும் வீட்டில் அகலமான அடித்தளம் இல்லாத டவரை வைக்கவே வேண்டாம்.

மாற்றுவது என்றால். சின்ன அறைக்கு என் விடை டவரே இல்லை: நல்ல புக்ஷெல்ஃப் (சின்னப் பெட்டி) ஜோடி ஒன்றை ஸ்டாண்டில் வைத்து, சப்வூஃபர் ஒன்றைச் சேர்ப்பது. ஸ்டாண்டோடு சேர்த்தால் அடைக்கும் இடம் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் ஒரு வசதி கூடுதல். குரலுக்கும் ஒலிமேடைக்கும் (வாத்தியங்கள் இடம் பிரிந்து கேட்பதற்கும்) ஸ்பீக்கர் நிற்க வேண்டிய இடம் வேறு, பேஸ் சீராக வரும் இடம் வேறு. டவரில் இரண்டும் ஒரே பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கின்றன. சப்வூஃபரைத் தனியாக நகர்த்திக்கொள்ளலாம், சத்தத்தைத் தனியாகக் கூட்டிக் குறைக்கலாம்.

டவர்தான் வேண்டும், சுவரோரம்தான் இடம் என்றால் சீல்டு பெட்டி, அதாவது போர்ட் இல்லாதது, அல்லது அடைப்பான் கொடுக்கும் மாடல் பாருங்கள். சீல்டு பெட்டியின் பேஸ் மெதுவாக இறங்கும், ஒவ்வொரு ஆக்டேவுக்கும் (ஹெர்ட்ஸ் பாதியாகும் ஒவ்வொரு முறைக்கும்) 12 டெசிபல்; போர்ட் வைத்தது அதற்கு இரட்டிப்பாக, 24 டெசிபல். சுவர் கூட்டிக்கொடுப்பது அந்த மெதுவான இறக்கத்தோடு நன்றாகப் பொருந்தும். 'முன்பக்க போர்ட், அதனால் சுவரில் ஒட்டி வைக்கலாம்' என்ற பேச்சை அப்படியே நம்ப வேண்டாம். போர்ட்டின் வாய் அடைபடாது என்பது மட்டும்தான் அதில் உண்மை. அடி பேஸ் பெட்டியைச் சுற்றி எல்லாப் பக்கமும் பரவும், சுவர் அதைக் கூட்டத்தான் செய்யும்.

## குறை: ஒரு பக்கம் கேட்கவில்லை, அல்லது குறைவாகக் கேட்கிறது

முதலில் பேலன்ஸ் குமிழ். சிரிக்காதீர்கள், தூசி துடைக்கும்போது நகர்ந்திருக்கும். அப்புறம் மேலே சொன்ன இடது வலது சோதனை.

கோளாறு ஸ்பீக்கர் பக்கம் என்று தெரிந்தால் டெர்மினலைக் கையால் இறுக்குங்கள். பனானா பிளக்கைக் கழற்றி மாட்டுங்கள். ஒயரின் செம்பு முனை கறுத்திருந்தால் அதை வெட்டிவிட்டு புதிதாகச் சீவி மாட்டுங்கள். பிறகு மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து, ஒயரைக் கழற்றிய ஸ்பீக்கர் டெர்மினலில் அளவெடுங்கள். 8 ஓம் என்று எழுதிய ஸ்பீக்கர் 5.5 முதல் 7 வரை காட்டும், 4 ஓம் ஸ்பீக்கர் 3-லிருந்து 4-க்குள் காட்டும். எழுதியதைவிடக் குறைவாக வருவது இயல்பு. ஒரு ஸ்பீக்கர் 6 என்றும் அதன் ஜோடி 12 என்றும் காட்டினால், இணையாகக் கட்டிய இரண்டு வூஃபர்களில் ஒன்று போயிருக்கலாம்.

எதுவுமே காட்டவில்லையென்றால் 'காயில்' (கூம்பை அசைக்கும் கம்பிச்சுருள்) அறுந்திருக்கும், அல்லது கிராஸ்ஓவர் (ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்துக் கொடுக்கும் சர்க்யூட்) பலகையில் ஏதோ கருகியிருக்கும். வூஃபரின் திருகைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்க்கும் அளவுக்குத் துணிவிருந்தால் பாருங்கள். கருகல் வாடை வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு ஸ்பீக்கர் ரிப்பேர் செய்பவரைக் கூப்பிடுங்கள்.

## குறை: போர்வை போர்த்தியது போல மங்கிக் கேட்கிறது

ட்வீட்டர் (கூர்மையான உயர் ஒலிகளைத் தரும் சின்ன ஸ்பீக்கர்) வேலை செய்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். சத்தத்தைக் குறைத்து வைத்து, ஒரு காகிதச் சுருளைக் காதில் வைத்து ட்வீட்டர் அருகே கேளுங்கள்.

பின்னால் நான்கு டெர்மினல் இருக்கிறதா? மேல் ஜோடியையும் கீழ் ஜோடியையும் இணைக்கும் உலோகத் தகடுகள் தளர்ந்திருந்தாலோ, யாராவது கழற்றி வைத்திருந்தாலோ ட்வீட்டருக்கு ஒன்றும் போகாது. தகட்டை மாட்டி இறுக்குங்கள். தகடு வெளுத்துப் பூத்திருந்தால் சின்னத் துண்டு ஸ்பீக்கர் ஒயரை அதன் இடத்தில் மாட்டினால் போதும்.

ட்வீட்டர் செத்துவிட்டதா? இங்கே ஒரு பொறி இருக்கிறது. தகட்டைக் கழற்றி மேல் டெர்மினலில் மல்டிமீட்டர் வைத்தால், நல்ல ட்வீட்டருக்கும் 'திறந்த சர்க்யூட்' என்றுதான் காட்டும், ஏனென்றால் வழியில் ஒரு கபாசிட்டர் உட்கார்ந்திருக்கிறது. இதை வைத்து ட்வீட்டர் போய்விட்டது என்று முடிவுகட்டி புதிது வாங்கியவர்கள் உண்டு. ட்வீட்டரையே திருகு கழற்றி எடுத்து, ஒரு ஒயரை விலக்கி, அதன் காலில் அளவெடுக்க வேண்டும். 3 முதல் 7 ஓமுக்குள் வந்தால் காயில் உயிரோடு இருக்கிறது.

அதே மாடல் ட்வீட்டர்தான் போட வேண்டும். 'இதுவும் 8 ஓம்தானே' என்று வேறொன்றைப் போட்டால் கிராஸ்ஓவரோடு பொருந்தாது, இரண்டு பக்கமும் வேறு வேறு குரலில் பேசும். ட்வீட்டர் எரிந்ததற்கான காரணத்தையும் விடாதீர்கள். பெரும்பாலும் ஆம்பை அதன் எல்லைக்கு மேல் முறுக்கி அலை வெட்டுப்பட்டதால் எரிந்திருக்கும். அதைத் திருத்தாமல் புது ட்வீட்டர் போட்டால் அதுவும் போகும்.

இரண்டு பக்கமும் சமமாக மங்கியிருந்தால் வயதைக் கவனியுங்கள். கிராஸ்ஓவரில் உள்ள எலக்ட்ரோலிடிக் கபாசிட்டர்கள் காலப்போக்கில் காயும். சில ட்வீட்டர்களில் உள்ள காந்தத் திரவம் கெட்டிப்படும். இரண்டும் மெதுவாக நடப்பதால் காதுக்குப் பழகிப்போயிருக்கும். கபாசிட்டர் மாற்றுவது சாலிடரிங் தெரிந்தவருக்கு ஒரு மாலை நேர வேலை, அதே மைக்ரோஃபேரட் மதிப்பில் போட வேண்டும். தெரியாதவர்கள் பலகையோடு கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம். உடம்பு நன்றாக இருக்கும் பழைய டவருக்கு இந்தச் செலவு தாராளமாகத் தகும்.

## குறை: கரகரக்கிறது, உரசுகிறது, நடுங்குகிறது

ஒரு டோனை 30 ஹெர்ட்ஸிலிருந்து மெதுவாக மேலே கொண்டுபோய், எந்த இடத்தில் சத்தம் கிளம்புகிறது என்று பிடியுங்கள். அங்கேயே நிறுத்தி வைத்துவிட்டு வேட்டையைத் தொடங்கலாம். சத்தம் குறைவாகவே இருக்கட்டும், உயர் டோனை உரக்க வைத்தால் ட்வீட்டர் எரியும்.

முன் வலையைக் கழற்றுங்கள். நின்றதா? வலைதான். இல்லையென்றால் ஸ்பீக்கரின் மேலும் பக்கத்திலும் இருக்கும் பொருட்களைக் கையால் அழுத்துங்கள்: புகைப்படச் சட்டம், ஜன்னல் கண்ணாடி, அலமாரிக் கதவு. ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று வந்த புகாரில் அலமாரிக் கதவு அகப்பட்டது எனக்குப் புதிதல்ல. அடுத்து வூஃபரின் திருகுகள், டெர்மினல் தட்டு, கால்கள். திருகை இறுக்கும்போது மிதமாக இறுக்குங்கள், மரத்தூள் பலகையில் பிடிமானம் போய்விடும்.

பேஸ் வரும்போது மட்டும் போர்ட்டிலிருந்து காற்று ஊதுகிறதென்றால் சத்தம் அதன் சக்திக்கு மீறிப் போகிறது. குறையுங்கள், அல்லது சப்வூஃபர் சேர்த்து அடி பேஸை அதற்குத் தள்ளிவிடுங்கள்.

இப்போது வூஃபரின் விளிம்பு. டார்ச் அடித்துச் சுற்றிலும் பாருங்கள். ரப்பர் என்றால் பெரும்பாலும் பிழைத்திருக்கும். நுரை என்றால் பத்து இருபது ஆண்டுகளில் பிசுபிசுத்து, விரல் பட்டால் உதிரும். வூஃபர் முழுவதையும் மாற்றத் தேவையில்லை, விளிம்பை மட்டும் புதிதாக ஒட்டலாம். காயில் நடுவில் நிற்கும்படி ஒட்டுவதுதான் வித்தை, முதல்முறை என்றால் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது.

கடைசிச் சோதனை: ஆம்பை அணைத்துவிட்டு, விரல்களைக் கூம்பின் இருபுறமும் சமமாக விரித்து வைத்து மெதுவாக உள்ளே அழுத்தி விடுங்கள். சத்தமில்லாமல் போய்வர வேண்டும். மணல் உரசுவது போலக் கேட்டால் காயில் வளைந்துவிட்டது. அந்த வூஃபருக்கு மாற்றுதான் வழி, அல்லது காயிலும் கூம்பும் புதிதாகப் போட்டுத் தருபவர் வேண்டும்.

## குறை: சத்தம் ஏற்றினால் ஆம்ப் அணைந்துவிடுகிறது

டெர்மினலில் ஒயரின் ஒரு மெல்லிய இழை பக்கத்து டெர்மினலைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று இரண்டு முனையிலும் பாருங்கள். அதுதான் பெரும்பாலும். அடுத்து ஆம்பின் மேல் எதையாவது அடுக்கி வைத்துக் காற்றோட்டத்தை அடைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பிறகு 'ஏ', 'பி' என்று இரண்டு ஜோடி ஸ்பீக்கரும் ஓடுகின்றனவா? இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர் இணையாகச் சேர்ந்தால் 4, இரண்டு 4 ஓம் சேர்ந்தால் 2. பல ஆம்ப்கள் 2 ஓமைத் தாங்காது.

எல்லாம் சரி, ஒரே ஜோடிதான், ஆனாலும் அணைகிறது என்றால் ஸ்பீக்கரும் ஆம்பும் பொருந்தவில்லை. இங்கேதான் வாங்கும்போது பார்க்க வேண்டிய இரண்டு எண்கள் வருகின்றன. ஒன்று குறைந்தபட்ச இம்பீடன்ஸ், அதாவது ஆம்புக்கு ஸ்பீக்கர் காட்டும் மின்தடை எவ்வளவு வரை இறங்கும் என்பது. '8 ஓம்' என்று எழுதிய டவர் பேஸ் பகுதியில் 3.5-க்கு இறங்கலாம், அதைச் சோதனை அறிக்கைகளில்தான் பார்க்க முடியும். மற்றொன்று சென்சிட்டிவிட்டி, அதாவது கொடுக்கும் பவருக்கு எவ்வளவு சத்தம் வரும் என்பது. 87 டெசிபல் ஸ்பீக்கருக்கு 100 வாட் எதைத் தருமோ, அதை 90 டெசிபல் ஸ்பீக்கருக்கு 50 வாட்டே தந்துவிடும். 84 என்றால் 200 வாட் வேண்டும். ஒப்பிடும்போது ஒரு கவனம்: அந்த எண் 2.83 வோல்ட்டுக்குச் சொல்லப்பட்டிருந்தால், 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது 1 வாட், 4 ஓம் ஸ்பீக்கருக்கு 2 வாட். அதனால் 4 ஓம் ஸ்பீக்கரின் எண்ணில் 3-ஐக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள்.

ஒயர் நீளமாக ஓடும் வீட்டில் தடிமனையும் பாருங்கள். 4 ஓம் ஸ்பீக்கருக்கு 10 மீட்டர் ஓட்டம் என்றால் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போதும். அதற்கு மேல் விலை கூடிய கேபிளுக்குப் போகும் பணத்தை நான் ஸ்பீக்கரில்தான் போடுவேன்.

உடனே நிறுத்த வேண்டிய இடம்: பாட்டே ஓடாதபோது, ஆம்பைப் போட்டதும் வூஃபர் ஒரு பக்கமாகத் தள்ளி அப்படியே நின்றால் ஆம்பிலிருந்து டிசி (நேர்மின்னோட்டம்) வருகிறது. அணைத்துவிட்டு ஸ்பீக்கரைக் கழற்றுங்கள், இல்லையேல் காயில் வெந்துவிடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆம்பின் பெரிய கபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். மூடியைத் திறக்க வேண்டாம், இது டெக்னீஷியன் வேலை.

## குறை: பாட்டு ஓடாதபோதும் 'ம்ம்ம்' என்று முனகல்

இதற்காக ஸ்பீக்கரை மாற்றுபவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். உள்ளே ஆம்ப் இல்லாத சாதாரண டவர் தானாக முனகாது. ஆம்புக்கு வரும் எல்லா இன்புட் கேபிளையும் கழற்றுங்கள். முனகல் நின்றால் ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டுங்கள், குற்றவாளி தெரிந்துவிடும். டிவி கேபிள் இணைப்பும் கணினியும் முதல் சந்தேகத்துக்குரியவை. எல்லாம் கழற்றியும் நிற்கவில்லையென்றால் ஆம்ப் சர்வீஸுக்குப் போகட்டும். எர்த் பின்னை உடைத்தால் நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், உயிருக்கு ஆபத்து.

## குறை: குரல் நடுவில் நிற்கவில்லை, காதைக் குத்துகிறது

ஒரே ஒருவர் பேசும் பதிவை மோனோவில் ஓடவிடுங்கள். குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் வெற்றிடத்திலிருந்து வர வேண்டும். சிதறினால் போலாரிட்டி. ஒரு பக்கம் சாய்ந்தால் நாற்காலியிலிருந்து இரண்டு ட்வீட்டருக்கும் நாடா பிடித்து அளவெடுங்கள், தூரம் ஒன்றாக இருக்க வேண்டும். ட்வீட்டர் உட்கார்ந்த காது உயரத்தில், அதாவது 90 முதல் 100 சென்டிமீட்டரில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் முன் கால்களை ஏற்றியோ இறக்கியோ பெட்டியைச் சற்றுச் சாய்க்கலாம்.

குத்தினால் உள்நோக்கித் திருப்பி வைத்த கோணத்தைக் குறைத்துக் கேளுங்கள். பிறகு கை தட்டிப் பாருங்கள். 'டிர்ர்' என்று எதிரொலி ஓடினால் அறைதான் குத்துகிறது. பக்கச்சுவரில் ஒருவரைக் கண்ணாடி பிடித்து நகரச் சொல்லுங்கள். நாற்காலியிலிருந்து ட்வீட்டர் தெரியும் இடத்தில் புத்தக அலமாரியோ கனத்த திரையோ வைக்கலாம், தரையில் கம்பளம். இவ்வளவுக்குப் பிறகும் குத்துகிறது, வேறு வீட்டிலும் குத்துகிறது என்றால் ஸ்பீக்கரின் குணமே அதுதான். மாற்றுங்கள்.

## குறை எதுவும் இல்லை, இரண்டு மாடலில் எது என்றுதான் புரியவில்லை

இரண்டையும் ஒரே அறையில், ஒரே இடத்தில், ஒரே ஆம்பில் கேட்க வேண்டும். சத்தத்தைச் சமப்படுத்தாமல் கேட்டால் அந்தச் சோதனைக்கு மதிப்பில்லை. ஒரு டெசிபல் கூடுதலாக ஓடுவதுகூட 'தெளிவு கூடுதல்' என்றுதான் காதுக்குப் படும். போனில் சத்தம் அளக்கும் ஆப் வைத்து, பிங்க் நாய்ஸ் (எல்லா அலைவரிசையும் கலந்த இரைச்சல்) ஓடவிட்டு இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். அப்புறம் நன்கு பழகிய பாட்டுகளை மட்டும் போடுங்கள், பேச்சுப் பதிவு ஒன்றும் அதில் இருக்கட்டும். 'நூறு மணி நேரம் ஓடினால் சரியாகிவிடும்' என்று விற்பவர் சொன்னால், ஏற்கெனவே ஓடிய ஜோடியைக் கேட்கக் கொடுங்கள் என்று சொல்லுங்கள். வீட்டில் வைத்துக் கேட்டுத் திருப்பித் தரும் வசதி கிடைத்தால், கொஞ்சம் விலை கூடினாலும் அங்கேயே வாங்குவேன்.

பழைய ஜோடி வாங்குவதென்றால் பேட்டரியையும் மல்டிமீட்டரையும் எடுத்துக்கொண்டு போங்கள். விளிம்பு, ஓம், கூம்பு அழுத்தல், ஒவ்வொரு ட்வீட்டரும் தனித்தனியாக, பின்னால் உள்ள தகடுகள். இரண்டு பெட்டியின் சீரியல் எண்ணும் ஒரு ஜோடிக்கு உரியதா என்று பாருங்கள். வேறு வேறாக இருந்தால் ஒன்றில் டிரைவர் (வூஃபர் அல்லது ட்வீட்டர்) மாற்றியிருக்கிறார்களா என்று வலையைக் கழற்றி இரண்டையும் ஒப்பிட்டுவிட்டு விலை பேசலாம்.